வண்டியின் எடை போக

அந்த மருத்துவமனையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. மலைக்குக் கீழே இருக்கிறது, அது போதும். மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பெயரைச் சொன்னால், அங்கே நல்லபடியாகப் பிள்ளை பெற்று வந்தவர்கள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். அவர்களோடு பேச எனக்குத் தெம்பில்லை. அவர்கள் எல்லோரும் நடந்து உள்ளே போனவர்கள்.

என் மகள் நடப்பதில்லை. பள்ளிக்கூடத்தின் கடைசி வருடத்தில் எஸ்டேட் பிக்கப் ஒரு வளைவில் கவிழ்ந்தபோது அவளுக்கு முதுகுத்தண்டில் அடிபட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஆனால் அவள் கைகளில் இருக்கும் பலம் என் கைகளில் கிடையாது. வீல்சேரிலேயே போய் ஏற்காட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தாள். அங்கே ஏதோ சான்றிதழுக்காக வந்த பழ லாரி டிரைவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். வெள்ளக்கடையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டிலேயே இருவரும் குடித்தனம் வைத்தார்கள். இத்தனையையும் ஊர் ஒருவாறு பொறுத்துக்கொண்டது. அவள் கர்ப்பமானதைத்தான் ஊரால் பொறுக்க முடியவில்லை.

"இந்த நிலைமையில எதுக்குங்க ரைட்டரே?" என்று சர்ச் வாசலில் வைத்தே கேட்டார்கள். நான் காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். பறிக்கிற பழத்தின் எடையை எழுதுவது என் வேலை. கேட்டவர்களே, "நாங்க ஜெபம் பண்ணிக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். குப்பனூரிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தார். வாழ்த்து என்று ஒரு வார்த்தை வரவில்லை. "ஏனுங்க சம்பந்தி, பொறக்கறதை யாருங்க தூக்குவா?" என்றார். அந்தக் கேள்வியை அவர் பிறகு விடவே இல்லை.

மாதாந்திரப் பரிசோதனைக்கு நான்தான் அந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவேன். கர்ப்பிணிகளை எடை பார்க்க வேண்டும். அங்கே இருந்தது ஏறி நின்று பார்க்கிற மிஷின்.

"நிக்க முடியாதுங்களா? சரி, போன மாச எடையே இருக்கட்டும்" என்றார் அங்கிருந்த பெண்.

"போன மாசமும் பாக்கலைங்க."

"பாத்தாலே தெரியுதுங்களே, நல்லாத்தான் இருக்காங்க."

எனக்கு எடை என்றால் தொழில். மறுநாள் மகளை வண்டியோடு தள்ளிக்கொண்டு எஸ்டேட் களத்துக்குப் போனேன். காப்பி மூட்டை நிறுக்கிற பெரிய தராசுப் பலகை தரையோடு தரையாக இருக்கும். அதில் அவளை ஏற்றினேன். பிறகு அவள் பக்கத்துப் பெஞ்சுக்கு மாறி உட்கார, வண்டியை மட்டும் தனியாக நிறுத்துக் கழித்தேன். பறிக்கிற பெண்கள் சுற்றி நின்றுகொண்டு விடவில்லை. "என்ன கண்ணு, அரபிகாவா ரொபஸ்டாவா?" என்று காப்பி ரகத்தைக் கேட்பதுபோலக் கேட்டாள் ஒருத்தி. "பழம் கனிஞ்சிருச்சுங்களா ரைட்டரே, களத்துக்கே கொண்டாந்துட்டீங்க?" என்றாள் இன்னொருத்தி. மகள் சிரித்தாள். அந்தக் கர்ப்பகாலத்தில் அவள் சிரித்து நான் பார்த்த இடம் அது ஒன்றுதான்.

டிரம், கூடை எல்லாவற்றிலும் காலி எடையைப் பெயின்டில் எழுதி வைப்பது எங்கள் வழக்கம். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் கொட்டிக் கவிழ்த்து நிறுக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில், எஸ்டேட் பச்சைப் பெயின்டால் வண்டியின் பக்கக் கம்பியில், சக்கரத்துக்கு மேலே, அதன் காலி எடையை எழுதிவைத்தேன். பிறகு மாதாமாதம் அவள் பெஞ்சுக்கு மாற வேண்டிய வேலை இல்லை.

கீழே ஆஸ்பத்திரியில் அந்த எடையைச் சொன்னபோது டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டார். "காப்பி மூட்டை போடற மிஷின்ல போட்டதையெல்லாம் நான் எழுத முடியாது."

"அப்ப உங்க மிஷின்ல போடுங்க டாக்டர்" என்றேன்.

"நிக்கச் சொல்லுங்க."

நான் அன்று கத்தியிருக்க வேண்டும். மகள் என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

பிரசவ நாளில் அவளுக்கு மற்றவர்களைப்போல வலி எடுக்கவில்லை. எடுக்காது என்று அவளுக்குத் தெரியும். காலையிலிருந்து வயிற்றில் கையை வைத்தபடியே இருந்தாள். "கல்லு மாதிரி இறுகுதுப்பா. விடுது. மறுபடி இறுகுது" என்றாள். வாடகைக் காரில் கிளம்பிவிட்டோம். கொண்டை ஊசி வளைவுகளில் மாப்பிள்ளை ஹாரன் அடித்துக்கொண்டே இறங்கினார். பின்சீட்டில் என் மனைவி அவளைச் சாயாமல் பிடித்துக்கொண்டாள். உள்ளே போனதும் சிஸ்டர் கேட்டது, "வலி இருக்குதா?"

"வலி எனக்குத் தெரியாது சிஸ்டர். இறுகுது."

"வலி இல்லாம எதுக்கு வந்தீங்க? போயிட்டு வலி வந்தா வாங்க."

என் மனைவி சாதாரணமாக யாரையும் எதிர்த்துப் பேசாதவள். சிஸ்டரின் கையைப் பிடித்து இழுத்து மகளின் வயிற்றின் மேல் வைத்தாள். சிஸ்டரின் முகம் மாறியது. அதற்குப் பிறகு எல்லோரும் ஓடினார்கள். அந்த ஓட்டத்தில் யாரும் அவளைக் கேட்கவில்லை. கட்டில் அவள் வண்டியைவிட மிக உயரம். அவளை எப்படித் தூக்குவது என்பது அவள் கணவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். "ஆம்பளைங்க வெளிய நில்லுங்க" என்று கதவைச் சாத்தினார்கள். உள்ளே நாலு பேராகக் கைக்கு ஒருவர், காலுக்கு ஒருவர் பிடித்து அவளைக் கட்டிலில் போட்டார்களாம். "எங்க புடிக்கணும்னு சொல்றேங்க, சொல்றேங்க" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாளாம். மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். மூட்டை தூக்குகிறவன்கூட மூட்டையில் எங்கே பிடி இருக்கிறது என்று பார்த்துத்தான் தூக்குவான்.

ஆபரேஷன் செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். மூச்சு கொஞ்சம் வேகமாக வாங்குகிறது என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். பெட்டிக் குழந்தைகளின் பிரிவு தனிக் கட்டடம். பிரசவ வார்டிலிருந்து நீள வராந்தா ஒன்றைக் கடந்து போக வேண்டும். மகளை வார்டுக்குக் கொண்டுவந்தபோது, தியேட்டர் வாசலில் விட்டிருந்த அவளுடைய வண்டியைக் காணோம்.

அங்கே ஒரு முறை உண்டு. பால் கொடுக்கிற நேரம் வந்தால் ஆயாம்மா வார்டு வாசலில் நின்று கூப்பிடுவார்: "பெட்டிப் பாப்பா அம்மாங்க எல்லாம் வாங்க!" தையலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சுவரைத் தடவிக்கொண்டு அம்மாக்கள் எழுந்து வரிசையாகப் போவார்கள். கொஞ்ச நேரம்தான் கதவு திறந்திருக்கும். பிறகு சாத்திவிடுவார்கள். போகாதவர்களின் குழந்தைக்குப் பவுடர் பால்.

என் மகள் முதல் அழைப்பிலேயே வண்டி கேட்டாள்.

"வண்டி ஸ்கேனுக்குப் போயிருக்குது. வரும், இரும்மா."

வருவதற்குள் கதவைச் சாத்தியிருந்தார்கள். அடுத்த அழைப்பிலும் அப்படித்தான். "எங்க சொந்த வண்டி எங்கங்க?" என்று என் மனைவி கேட்டதற்கு, "யார் பொருளுக்கும் நாங்க பொறுப்பில்லை, போர்டுல போட்டிருக்குதில்ல?" என்று பதில் வந்தது. மகளுக்கு மார்பில் பால் கட்டி வீங்கியது. மனைவி பாலாடையில் பிழிந்து எடுத்துக்கொண்டு ஓடினாள். ஒருமுறை வாங்கிக்கொண்டார்கள். மறுமுறை, "அம்மா வந்து குடுக்கணும். குழந்தை வாய் வச்சுப் பழகணும். ஏன் வர மாட்டேங்கறாங்க?" என்று கேட்டார்கள்.

வர மாட்டேன் என்கிறாளாம். இதை மனைவி போனில் சொன்னபோது நான் ஆஸ்பத்திரி வாசல் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். போனைக் கீழே போட்டு உடைக்கலாம் போலிருந்தது.

மூன்றாம் நாள் காலை குழந்தைகள் டாக்டர் பார்த்துவிட்டு, குழந்தை தேறிவிட்டது, வெளியே கொடுத்துவிடலாம் என்றார். யாரிடம் கொடுப்பது என்பதுதான் பேச்சு. "அம்மா இதுவரைக்கும் வந்து பால் குடுக்கவே இல்லை. தூக்கவும் முடியாதுங்கறாங்க. பாட்டிகிட்ட குடுத்து அனுப்பிடலாம். பவுடர் எப்படிக் கலக்கறதுன்னு சிஸ்டர் சொல்லித் தருவாங்க." அவர் கெட்ட எண்ணத்தில் சொன்னதாக நான் சொல்ல மாட்டேன். அடுத்த குழந்தையைப் பார்க்கப் போய்விட்டார்.

சம்பந்தியம்மாள் தயாராக வந்திருந்தார். பைக்குள் ஃபிளானல் துணி, கம்பளிக் குல்லா, பால் பாட்டில். மரத்தடியில் என் எதிரில் பையை வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"சாயங்காலம் நாங்க குப்பனூருக்குத் தூக்கிட்டுப் போயிடறோமுங்க. உங்க பொண்ணை நீங்க மலைக்குக் கூட்டிட்டுப் போய் ஒடம்பைத் தேத்துங்க. அப்பறம் பாத்துக்கலாம்."

"அப்பறம்னா எப்பங்க?"

"புள்ளை நடக்கட்டுங்க. நடந்துட்டா தூக்க வேண்டியதில்லையில்ல?"

ஒரு வருடத்தை அவ்வளவு சுலபமாகச் சொன்னார். மாப்பிள்ளையைப் பார்த்தேன். செருப்பால் தரையில் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். "அம்மா சொல்றதும்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"அவ தாய், அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றேன்.

"கோவிச்சுக்காதீங்க சம்பந்தி. நானும் நாலு பெத்தவதான். கை தவறிக் கீழ போட்டுட்டா யாருங்க பதில் சொல்றது? நீங்களா?"

எனக்கு அந்த அம்மாவை அடிக்க வேண்டும்போல இருந்தது. அந்தப் பயம் எனக்கும் இருந்தது என்பதால் இன்னும் கோபம் வந்தது.

அப்போது மகள் போன் செய்தாள். குரலில் அழுகை இல்லை. "அப்பா, வண்டியைக் கண்டுபுடிங்க. யார்கிட்டயும் சண்டைக்குப் போகாதீங்க. அப்பறம் சண்டை போட்டுக்கலாம். சாயங்காலக் கூப்பாட்டுக்குள்ள எனக்கு வண்டி வேணும்."

வார்டுக்குள் ஆண்களை விடமாட்டார்கள். மற்ற இடமெல்லாம் திரியலாம். எலும்பு வார்டு, ரத்தம் எடுக்கிற இடம், மருந்து கொடுக்கிற வரிசை, சலவைக்கூடத்தின் பின்புறம் என்று தேடினேன். கண்ட வீல்சேர்களெல்லாம் துருப்பிடித்தவை. ஒன்றுக்கு முன்சக்கரம் இல்லை, இன்னொன்றில் உடைந்த சீட்டுக்குப் பதில் பலகை கட்டியிருந்தது. அந்த ஆஸ்பத்திரியில் ஒழுங்காக உருளுகிற வண்டி என் மகளுடையது ஒன்றுதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏன் காணாமல் போனது என்பதும்.

கடைசியில் அது ஸ்கேன் அறை வாசலில் இருந்தது. முதுகுச் சாய்வில் வெள்ளைப் பெயின்டில் கொட்டை எழுத்தில் 'மகப்பேறு வார்டு' என்று எழுதியிருந்தார்கள். கையை வைத்தால் இன்னும் ஒட்டியது. பக்கக் கம்பியில் என் பச்சை எழுத்து அப்படியே இருந்தது. பிரசவமான ஒரு இளம்பெண் அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அம்மா பக்கத்தில் நின்றிருந்தார்.

"இது எங்க வண்டிங்க" என்றேன்.

"ஆஸ்பத்திரி வண்டிங்க இது. எழுதியிருக்குது பாருங்க" என்றார் அந்த அம்மா.

"எம் பொண்ணோடதுங்க. அவளுக்கு நடக்க வராது."

"எம் பொண்ணுக்கு மட்டும் வருதா? வயித்தக் கிழிச்சுத் தச்சிருக்குது."

அந்தப் பெண் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். வெளுத்துப்போன முகம். அவளை எழுந்திருக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அங்கிருந்து நகரவும் மனம் வரவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். அவள் அம்மாவின் தோளைப் பற்றி எழுந்து நடந்தாள். அவள் உள்ளே நுழைந்ததும் வண்டியைத் திருப்பினேன்.

"அய்யோ, திரும்பி எப்படிங்க கூட்டிட்டுப் போவேன்? உங்க ஊட்டுல பொண்ணு இல்லையா?" என்று அந்த அம்மா கத்தினார்.

"இருக்குதுங்க. அவ வண்டிதானுங்க இது."

ஓடினேன். அந்தப் பெண் எப்படி வார்டுக்குத் திரும்பினாள் என்று எனக்குத் தெரியாது. அதற்கான கோபத்தையும் அந்த ஆஸ்பத்திரியின் மேலேயே வைத்திருக்கிறேன்.

வார்டு வாசலில் மனைவி வண்டியை வாங்கிக்கொண்டாள். பெட்டிப் பிரிவின் வராந்தாவில் அப்பன்மார் நிற்கலாம். நான் போய் நின்றேன். சம்பந்தியம்மாளும் பையோடு வந்து நின்றார். ஆயாம்மா கூப்பிட்டார். தையலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியாக என் மகள் தன் கையாலேயே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முன்வாசலில் படி. பின்பக்கம் துணிமூட்டை தள்ளுகிற சரிவு இருந்தது. அதன் வழியாக ஏறி வந்தாள். கதவில் சிஸ்டர் கையை நீட்டித் தடுத்தார்.

"வெளிய உருண்ட சக்கரம் உள்ள வரக் கூடாது. இன்ஃபெக்ஷன் ஆயிடும்."

"மத்த அம்மாங்க கால் கழுவிட்டுத்தான வர்றாங்க?" என்றாள் மகள்.

"ஆமா."

"எனக்கு இதான் கால். லோஷனும் துணியும் குடுங்க."

சிஸ்டர் கொடுக்கத்தான் வேண்டியிருந்தது. தையலில் வலி தெரியாது என்பதால், அது பிரிந்துவிடாமல் மகள் பார்த்துப் பார்த்துக் குனிந்தாள். சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றி முழுவதும் துடைத்தாள். பின்சக்கரம், முன்சக்கரம், கைவளையம். அவசரப்படவில்லை. கதவைச் சாத்துகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. துணியை மடித்து சிஸ்டரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பிரேக்கைப் போட்டாள். ஒரு துண்டைச் சுருட்டித் தையலுக்கும் மடிக்கும் நடுவில் வைத்தாள். குழந்தையை வாங்கித் தன் முன்கை நெடுகப் படுக்கவைத்தாள். குழந்தை வாயைத் திருப்பிக்கொண்டது. மறுபடியும் திருப்பிக்கொண்டது. சிஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மகள் யாரையும் பார்க்கவில்லை. அதன் கன்னத்தை விரலால் தொட்டுத் தொட்டு ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள். பிறகு அந்தச் சின்னத் தாடை அசைய ஆரம்பித்தது.

"குடிக்குதுங்களா?" என்று சம்பந்தியம்மாள் என் தோளுக்குப் பின்னாலிருந்து கேட்டார். அவரும் பார்க்கட்டும் என்று விலகி நின்றேன்.

"ஒருக்கா குடிச்சா ஆச்சுங்களா?" என்றார்.

அன்று மாலை குழந்தை குப்பனூருக்குப் போகவில்லை. தாயிடம் வார்டுக்கு வந்தது. அந்த வண்டியை அதன்பிறகு என் மனைவி தன் சேலை ஒன்றைக் கிழித்துக் கட்டில் காலோடு கட்டிவைத்தாள்.

வீட்டுக்கு அனுப்பிய நாளில் மாப்பிள்ளை காரை கேட்டுக்கு வெளியே நிறுத்தியிருந்தார். மகள் மடியில் குழந்தையோடு வந்தாள். செக்யூரிட்டி குறுக்கே வந்தார்.

"வண்டியை உள்ள விட்டுட்டுப் போங்க. வெளிய கொண்டு போகக் கூடாது."

"இது எங்களோடதுங்க."

"வார்டு பேரு எழுதியிருக்குது சார்."

பச்சை எழுத்தைக் காட்டினேன். "இது நான் எழுதினது. வண்டியோட காலி எடை."

"வீல்சேருக்கு எவனாவது எடை எழுதுவானா சார்?" என்று சிரித்தார். வார்டிலிருந்து சீட்டு வாங்கி வரச் சொன்னார்.

வார்டு வாசலுக்குப் போனேன். சிஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வார்டு வண்டி ஒண்ணு காணோம்னு நாங்களே தேடிட்டு இருக்கோம். நீங்கதானா?" சீட்டு கிடைக்கவில்லை. அங்கே நான் என்ன பேசினேன் என்பதை எழுத முடியாது. என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

திரும்பி வந்தபோது கேட்டில் ஹாரன் சத்தம். வண்டிகள் போகிற வழியின் நட்டநடுவில் என் மகள் பிரேக்கைப் போட்டு உட்கார்ந்து, குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை தோள் துண்டை விரித்து மறைவாகப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் அவள் பக்கம் நின்று நான் பார்த்தது அப்போதுதான். உள்ளிருந்து ஒரு டாக்டரின் கார், அதன் பின்னால் இன்னும் இரண்டு.

"ஓரமா போம்மா! போம்மா ஓரமா!" என்றார் செக்யூரிட்டி.

"புள்ளை குடிச்சுட்டு இருக்குதுங்க" என்றாள் மகள். "அவசரம்னா என்னைத் தூக்கிக் கீழ உக்கார வச்சுட்டு வண்டியை எடுத்துக்குங்க."

அவர் தூக்க வரவில்லை. சம்பந்தியம்மாள் இரண்டு கையையும் நீட்டினார். "கண்ணு, பாப்பாவை எங்கிட்ட குடுத்துட்டு நீ நகரு."

"குடிச்சு முடிக்கட்டும் அத்தை."

ஹாரன் மறுபடி அடித்தது. குழந்தை அதைக் கவனிக்கவில்லை. கடைசியில் செக்யூரிட்டி கேட்டின் இரண்டு கதவையும் இழுத்துத் திறந்தார். "போய்த் தொலைங்க, எடுத்துட்டுப் போங்க" என்றார். அதற்குப் பிறகும் அவள் குழந்தை வாயை விடும்வரை நகரவில்லை.

குப்பனூர் வழியாகத்தான் மலை ஏறினோம். சம்பந்தியம்மாள் தன் ஊரில் இறங்கினார். பால் பாட்டில் இருந்த பையை எடுத்துக்கொண்டார். கார்க் கதவைப் பிடித்தபடி ஒரு நொடி குழந்தையைப் பார்த்தார். மகள் குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். அவர் பைக்குள் கையை விட்டுக் கம்பளிக் குல்லாவை எடுத்துக் குழந்தையின் தலையில் மாட்டினார். "மேல நொம்பக் குளுரும்" என்று சொல்லிவிட்டு, கதவை ஓங்கிச் சாத்திவிட்டு நடந்தார்.

இப்போதும் காலையில் எழுந்ததும் பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக முதலில் வண்டி இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன். இருக்கிறது. வெள்ளை எழுத்தும் இருக்கிறது. ஒருநாள் எஸ்டேட் ஸ்டோரிலிருந்து பெயின்ட் அழிக்கிற தின்னர் கொண்டுபோய்த் துடைக்க உட்கார்ந்தேன்.

"இருக்கட்டும்ப்பா" என்றாள் மகள், குழந்தையை மடியில் திருப்பிப் போட்டு முதுகைத் தட்டியபடி. "அடுத்த தடவை பிரசவத்துக்குப் போறப்ப அவங்களுக்கு எழுதற வேலை மிச்சம்."

அடுத்த தடவை. தின்னர் பாட்டிலின் மூடியைத் திருகினேன். அதை ஸ்டோருக்கே திருப்பிக் கொண்டுபோனேன்.